மறுபடி வருகிறவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அப்பாவை பாரிஸுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு 71 வயது. அந்த ஊரைப் பற்றி இளமையிலிருந்தே வாசித்தவர். அதனாலேயே எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்துபோனதாகச் சொல்லப்படும் ஒரு பழைய உணவகத்தைத் தேர்ந்தெடுத்தேன். மாலை நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். வெங்காய சூப் ஆறிப்போயிருந்தது. வாத்துக்கால் ரப்பர் மாதிரி. பரிமாறியவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்கும் தனியாகக் காசு. மொத்தம் 118 யூரோ. அன்று இரவு நான் யாரோடும் பேசவில்லை. அப்பா மட்டும் "நல்லாத்தான் இருந்தது" என்றார். பழமை என்பதே ஏமாற்றுதானா? இத்தகைய இடங்களில் சாப்பிடுவதை விட்டுவிட வேண்டியதுதானா? டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்தது தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

பரிமாறியவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிப்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிரான்ஸில் பரிமாறும் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தண்ணீரும் அப்படித்தான். 'கராஃப்' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நீங்கள் புட்டித் தண்ணீர் கேட்டிருப்பீர்கள். இதையெல்லாம் விடுவோம்.

ஆனால் நாலு மணிக்கு ஏன் போனீர்கள்? பயணத்துக்கு முன் அந்தக் கடையின் வரலாற்றை அவ்வளவு படித்தவர், அந்த ஊர்க்காரர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். பாரிஸில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரவுக்கு ஏழு, ஏழரைக்கு மேல்தான் அடுப்பு. நடுவில் பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். நாலு மணிக்குச் சூடாகச் சாப்பாடு தருகிற கடை யாரை நம்பி அதைத் தருகிறது என்று யோசியுங்கள்.

2009-ல் நானும் என் மனைவியும் அதே ஊரில் இப்படி ஒரு பழைய கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கும் வெங்காய சூப்தான் வந்தது. மேலே பாலாடைக்கட்டி ஓரமெல்லாம் கருகி, கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. கரண்டியால் குத்தி உடைத்தேன். கீழே வெதுவெதுப்பு. ரொட்டித்துண்டு ஊறவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் வெங்காயம் சில்லென்று நாக்கில் பட்டது. உறைய வைத்ததை எடுத்து அவசரமாகச் சூடாக்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மனைவி சூப்பைத் தொடவில்லை. அறையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இங்க ஒருத்தரையும் யாருக்கும் தெரியல, கவனிச்சீங்களா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். மேஜைக்கு ஒரு கேமரா. உள்ளே வருகிற எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அங்கே இருந்த எல்லோரும் முதல்முறை வந்தவர்கள், கடைசி முறையும் அதுதான்.

மறுநாள் 'ஷார்தியே'வுக்குப் போனோம். 1896-ல் தொடங்கியது. உழைப்பாளிகளுக்கு மலிவாக, சூடாக ஏதாவது போடவேண்டும் என்று வந்த 'புய்யோன்' வகைக் கடை. பில்லை மேஜைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுகிறார்கள். அங்கே சுவரில் மரத்தாலான சின்னச் சின்ன இழுப்பறைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தினம் வந்து சாப்பிடுகிறவர் தன் கைத்துண்டை அதில் வைத்துவிட்டுப் போவாராம். மறுநாள் வந்து அதையே எடுத்து மடியில் விரித்துக்கொள்வார். இன்று அங்கும் பயணிகள்தான் அதிகம், இழுப்பறைகள் வெறும் பார்வைக்குத்தான். இருந்தாலும் நான் அவற்றின் கீழே வெகுநேரம் நின்றிருந்தேன்.

சமையலறைக்கு யாரிடம் பயம், சொல்லுங்கள்? நாளைக்கும் வரப்போகிறவரிடம். இன்று சூப் ஆறியிருந்தால் நாளை மதியம் அவர் அதே மேஜையில் உட்கார்ந்து சொல்வார். சொல்லாவிட்டால் வராமல் இருந்துவிடுவார். அந்த நாற்காலி காலியாக இருப்பது கல்லாவில் இருப்பவர் கண்ணில் படும். நாம் அப்படியா? நல்ல சூப் வைத்தாலும் மறுபடி வரப்போவதில்லை. கெட்ட சூப் வைத்தாலும் நம் இடத்துக்கு நாளை இன்னொருவர் வந்துவிடுவார், கையில் அதே பயண நூலோடு. இந்தக் கணக்கு ஒரு சமையலறைக்குப் புரிய வெகுகாலம் ஆகாது. புரிந்த அன்றைக்கே அந்தக் கடை செத்துவிட்டது. கதவு திறந்திருக்கும், பித்தளைப் பலகை பளபளக்கும், அவ்வளவுதான். பெயர்தான் பழையது. சூப் என்னவோ இன்று காலை ஒருவர் வைத்தது, அல்லது வைக்காமல் வாங்கியது.

வாங்கியது என்று சும்மா சொல்லவில்லை. தொழிற்சாலையில் செய்ததை வாங்கிச் சூடாக்கிப் போடுகிற கடைகள் பெருகியதால்தான் 2014-ல் பிரான்ஸ் 'ஃபே மெசோன்' என்ற அடையாளத்தைச் சட்டத்தில் கொண்டுவந்தது. பாத்திரத்தின்மேல் வீட்டுக்கூரை வரைந்த சின்னம். சமைக்காத பொருளை வாங்கி அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லே 18-ஆம் நூற்றாண்டு பாரிஸில் உடம்பைத் தேற்றுகிற இறைச்சிச் சாற்றின் பெயராக இருந்தது. கடைக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் சூப்பை ஆறவைத்துக் கொடுத்தால் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அதனால் அடுத்தமுறை கடையின் வயதைக் கேட்காதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு வாசலில் நின்று உள்ளே பாருங்கள். பக்கத்து அலுவலகத்திலிருந்து தனியாக வந்து, மெனுவைத் திறக்காமலே சாப்பாடு சொல்கிற நாலு பேர் இருந்தால் தாராளமாக நுழையலாம். கடை முந்நூறு வருஷம் பழையதாக இருந்தாலும் சரி.

சரி, இன்னொன்று. கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது உங்கள்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. சூப்பைக் கெடுத்தது கடை. இரவைக் கெடுத்தது நீங்கள். எழுபது வயது தாண்டிய மனிதர், வாழ்க்கை முழுக்க வாசித்த ஊரில், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ரப்பர் மாதிரி வாத்துக்காலை மென்றிருக்கிறார். நீங்கள் பேசாமல் இருந்த அந்த இரவில் அவருக்கு யாரோடு பேசக் கிடைத்திருக்கும்? பரிமாறியவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு அது தோன்றவில்லையே.

அப்பாவுக்கு இன்றே போன் செய்யுங்கள். அந்தக் கடையில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். எந்த மேஜையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் மனதுக்குள் நினைத்தபடிதான் சாப்பிட்டிருப்பார். சூப் நன்றாக இருந்தது என்று மறுபடி சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள்.