பிள்ளைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகள் உளவியல் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். படிப்பு முடிந்ததும் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு உளவளத்துணை (கவுன்சிலிங்) செய்யப் போவதாகவும், அதற்கென்று தனிப் பயிற்சி எடுக்கப் போவதாகவும் வீட்டில் சொல்லிவிட்டாள். பொலிஸ் பிரச்சினை வருமா, சம்பளம் வருமா, கலியாணம் பேசும்போது என்ன சொல்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அப்புறம் கடிதத்தின் அடியில் ஒரே வரியில் நாலாவது கேள்வி: "அவளும் அப்படியோ?"

உங்களை நித்திரை கொள்ள விடாதது அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே அதை முதலில் எடுக்கிறேன். இந்தத் தொழிலை விரும்புவதை வைத்து ஒருவரைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது. இந்த வேலை செய்பவர்களில் சிலர் தாங்களும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், சிலர் இல்லை. மகளுக்கு உங்களிடம் சொல்ல ஏதாவது இருந்தால், இந்தப் படிப்பைப் பற்றி வீட்டில் நீங்கள் எப்படிக் கதைக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் சொல்வாள். சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும், நீங்கள் கதைத்த விதம் அவளுக்கு நினைவில் நிற்கும்.

இனி உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான். ஏ.எல் பெறுபேறு வந்திருந்தது, எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பிப்பது என்று கேட்கத்தான் வந்தான். கதைத்து முடிந்து எழும்பும் நேரத்தில், தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு வருவதில்லை என்றும் செத்துப் போகலாம் போல இருக்கிறது என்றும் சொன்னான். எனக்குத் தெரிந்த ஒரு உளவளத்துணையாளரிடம் அனுப்பினேன். நல்ல மனிதர், சேவை மனம் உள்ளவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? பையனின் நன்மைக்கு என்று நினைத்து, தகப்பனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பையன் பிறகு யாரிடமும் வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், தூரத்தில் ஒரு நாட்டில் வேலை செய்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்கும் வரைக்கும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அந்த மனிதரிடம் அன்பு இருந்தது. இல்லாமல் போனது பயிற்சியும், "பொறு, தகப்பனிடம் சொல்லாதே" என்று சொல்ல அவருக்கு மேல் ஒருவரும். உங்கள் மகள் தனிப் பயிற்சி வேண்டும் என்கிறாள் பாருங்கள், அதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது.

இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது, எல்லோரும் மனிதர்தானே என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 இல் எடுத்தது. திருநராக இருப்பதை அந்த நிறுவனம் மனநோய் அத்தியாயத்தில் இருந்து வெளியே எடுத்த புதிய வகைப்பாடு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நம்மிடம் உளவளத்துணை படித்த பலர் இதற்கு முந்திய புத்தகங்களில் படித்தவர்கள். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தால் தவறுதான் நடக்கும்.

இலான் மெயர் என்ற ஆய்வாளர் 2003 இல் விரிவாக எழுதிய சிறுபான்மை அழுத்தம் என்ற கருத்து இந்தத் துறைக்கு ஒரு அத்திவாரம். இந்த மனிதர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடக் காணப்படுவது அவர்களின் ஈர்ப்பால் அல்ல. கேலி, அடி, ஒளித்து வாழ்வது, எந்த நேரம் பிடிபடுவேனோ என்ற பதற்றம் ஆகியவை நாளுக்கு நாள் சேர்ந்து ஏற்படுத்தும் சுமையால் என்பது அதன் சாரம். இதை விளங்கிய உளவளத்துணையாளர் "உனக்கு என்ன பிழை" என்று தேட மாட்டார். "உன்மேல் என்ன சுமை ஏற்றியிருக்கிறார்கள்" என்று கேட்பார். கேள்வி மாறினால் முழு அமர்வும் மாறிவிடும்.

அதைவிடக் கடினம் பெற்றோரோடு கதைப்பது. லண்டன் மாப்பிள்ளையோ கனடாப் பெண்ணோ பேசி முடித்த பிறகு, பிள்ளையைக் கூட்டி வந்து, "இவனை ஒருக்கா மாத்தித் தாங்கோ, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று கெஞ்சும் தாய்மார் இருக்கிறார்கள். அதற்கு முன் கோயில், சாத்திரியார், பூசாரி என்று எல்லாம் முடிந்திருக்கும். மாற்ற முடியாது, மாற்றப் பார்ப்பது பிள்ளையை உடைக்கும் என்று அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும். அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வேறிடம் போகாதபடியும் சொல்ல வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. அனுபவம் உள்ளவருக்குப் பக்கத்தில் இருந்து பழக வேண்டும்.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 இல் இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கை விசாரித்தபோது, இந்த விடயம் தனக்குச் சரியாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். பிறகுதான் இப்படி மாற்றும் சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொல்லி உத்தரவிட்டார். நீதிபதியே படித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்ன விடயத்தை உங்கள் மகள் படிக்காமல் செய்யலாமா?

சரி, எங்கே படிப்பது? பட்டம் அவளுக்கு அடிப்படை. அதற்கு மேல் பொதுவான உளவளத்துணையில் நல்ல பயிற்சி முதலில் வேண்டும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை டிப்ளோமா இருக்கிறது. மருத்துவ உளவியலாளராக வர நினைத்தால் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதுதத்துவமாணிப் (எம்.பில்) பாதை இருக்கிறது. அது நீண்ட பாதை, போட்டியும் கடினம். யாழ்ப்பாணத்திலேயே சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களில் யுத்த காலத்தில் இருந்து வந்த அனுபவம் இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் குண்டு விழுந்த காலத்தில் ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் உளசமூக வேலைக்குப் பயிற்றியது இந்த மண்ணில்தான். அப்போதும் "விசரரோடு என்ன வேலை" என்று சனம் கேட்டது. இன்று அதை யாரும் கேட்பதில்லை.

சிறப்புப் பயிற்சிக்கு வெளியே பார்க்க வேண்டும். மும்பையில் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களை, ஏற்று நின்று உளவளத்துணை செய்வது எப்படி என்று தொழில் செய்பவர்களுக்கே பாடநெறி நடத்துகிறது. லண்டனில் பிங்க் தெரபி என்ற அமைப்பை டொமினிக் டேவிஸ் 1999 இல் தொடங்கினார். பயிற்சி கொடுப்பது, பயிற்சி பெற்றவர்களின் விபரத்தொகுப்பை வைத்திருப்பது, தொழில் செய்பவர்களுக்கு ஆதரவாக நிற்பது எல்லாம் அதன் வேலை. சிகிச்சை கொடுப்பவருக்கும் ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தார்களே, அதற்காகவே எனக்கு அந்த அமைப்பின் மேல் மதிப்பு. இவை ஆங்கிலத்தில் நடப்பவை. மகளின் ஆங்கிலம் பயமாக இருந்தால் இந்த ஒரு வருடத்தை அதற்குச் செலவழிக்கட்டும், வீண் போகாது.

ஆனால் அங்கே படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. முதலில் சொல். தமிழ்நாடு அரசு 2022 இல் ஒரு சொற்பட்டியலை வர்த்தமானியில் வெளியிட்டது. திருநர், ஊடுபால், தன்பாலீர்ப்பாளர் என்று மரியாதையான சொற்கள் இப்போது தமிழில் இருக்கின்றன. ஆனால் சாவகச்சேரியில் இருந்தோ பருத்தித்துறையில் இருந்தோ வரும் பிள்ளைக்கு அவை தெரியாமல் இருக்கலாம். "நான் மற்றாக்கள் மாதிரி இல்லை" என்று மட்டும் சொல்லும். பெயர் வைக்க அவசரப்படாமல், அந்தப் பிள்ளை தன்னை எப்படிச் சொல்கிறதோ அப்படியே கதைக்க மகள் பழக வேண்டும்.

அடுத்தது ஊர். லண்டனில் ஆலோசனை கேட்டு வந்தவரை மறுபடி தெருவில் காண்பது அபூர்வமாக இருக்கலாம். இங்கே நல்லூர்த் திருவிழாவில் காண்பாள், திருநெல்வேலிச் சந்தையில் காண்பாள், உங்கள் மச்சாளின் மகளின் கலியாணத்திலும் காண்பாள். வந்தவரின் பெரியம்மா உங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரியாக இருக்கவும் கூடும். அதனால் முதல் அமர்விலேயே சில விடயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: வெளியில் கண்டால் யார் முதலில் சிரிப்பது, அல்லது தெரியாதவர் போல் போவதா, தொலைபேசியில் கதைக்கும்போது அறைக்குள் யாராவது வந்தால் எந்தச் சொல்லைச் சொல்லி நிறுத்துவது, வந்தவரின் கைப்பேசியில் மகளின் பெயரை என்னவென்று பதிவது. சின்னச் சின்ன விடயங்கள் போலத் தெரியும். ஒரு பிள்ளையின் பாதுகாப்பு இவற்றில்தான் தங்கியிருக்கிறது. நீங்களும் இதில் ஒரு பங்கு எடுக்க வேண்டும், அம்மா. இரவு சாப்பிடும்போது "இன்றைக்கு யார் வந்தது" என்று மகளைக் கேட்காதீர்கள். கேட்டாலும் அவள் சொல்லக் கூடாது. சொல்லாததற்காகக் கோபிக்காதீர்கள்.

இனி உங்கள் பொலிஸ் கேள்வி. 1883 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் நம் நாட்டில் தன்பால் உறவைக் குற்றமாக வைத்திருந்தன. 1995 திருத்தத்தில் பெண்களும் அதற்குள் வந்தார்கள். இதை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. ஆனால் சட்டமூலம் நிறைவேற முன்னரே 2024 இல் நாடாளுமன்றம் கலைந்தது. இந்தப் பிரிவுகள் சொல்வது உடலுறவுச் செயலைப் பற்றி. ஒருவரின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவுவது அவற்றுக்குள் வராது. திருநர் விடயத்தில் அரசே ஒரு வழி வைத்திருக்கிறது: 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல மருத்துவ நிபுணர் பார்த்துப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழில் மாற்றம் செய்யலாம். அந்தப் பயணத்தில் கூட நிற்பதும் மகளின் வேலையாக இருக்கும். பயம் வர வேண்டிய இடம் வேறு: குறிப்பேட்டில் வந்தவரின் பெயரும் தனிப்பட்ட விபரமும் எழுதி மேசையில் விட்டுவிடுவது. குறிப்பைப் பூட்டி வைக்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

சம்பளம். உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அவள் பொதுவான உளவளத்துணையாளராகத்தான் வேலைக்குப் போவாள்: பிரதேச செயலகம், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் வைத்தியசாலை நட்பு நிலையம், பாடசாலை, தொண்டு நிறுவனம். குடும்பத் தகராறு, குடி, பரீட்சைப் பயம் எல்லாம் அவளிடம் வரும். அவற்றோடு இந்தப் பிள்ளைகளும் வருவார்கள், எந்த அலுவலகத்துக்கும் வருவார்கள். அப்போது அவள் தயாராக இருப்பாள். தொண்டு நிறுவன வேலை திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். அதனால் நிரந்தர வேலைக்கான பரீட்சைகளையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

நான் மிக வற்புறுத்துவது மேற்பார்வையை. பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் மாதத்தில் குறைந்தது ஒன்றரை மணிநேரம் ஒரு மூத்தவரோடு இருந்து தங்கள் வேலையைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. நம்மிடம் அது கடமைக்கு நடக்கிறது, சில இடத்தில் நடப்பதே இல்லை. கிழமைக்கு நாலு பேர் "சாகப் போகிறேன்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு இருபத்துமூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தால் இரண்டு வருடம் தாங்க மாட்டாள். உங்களிடம் சொல்லவும் முடியாது. ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், சம்பளத்தைக் கேட்க முன் அவள் கேட்க வேண்டியது இதுதான்: எனக்கு மேற்பார்வையாளர் யார், மாதம் எத்தனை தடவை சந்திப்பேன், அவருக்கு இந்த விடயம் தெரியுமா? பதில் இல்லை என்றால், வெளியே ஒருவரை இணையவழியாகவாவது தேடிக்கொள்ளட்டும். தன்னைப்போல இந்த வேலை செய்யும் மூன்று நாலு பேரோடு மாதம் ஒருக்கா கூடிக் கதைத்தாலும் நல்லது. இரவில் யாராவது ஆபத்தில் இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. எல்லாவற்றையும் அவளே தூக்க வேண்டியதில்லை என்பதையும் அவள் பழக வேண்டும்.

கொழும்பில் இந்தச் சமூகத்தவரின் உரிமைக்காக ஈக்குவல் கிரவுண்ட் என்ற அமைப்பு 2004 இல் இருந்து வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்திலும் இந்தச் சமூகத்தவர் தாங்களே அமைத்த குழுக்கள் இருக்கின்றன. பாடநெறியில் சேர முன் மகள் அவர்களிடம் போய், "நீங்கள் போன உளவளத்துணையாளர்களிடம் எது நோகச் செய்தது" என்று கேட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம் அது.

கலியாணம் பேச வருபவர்களிடம் மகள் உளவளத்துணையாளர் என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. யாருக்கு உளவளத்துணை செய்கிறாள் என்று அவர்கள் துருவினால், "அது அவள் எங்களுக்கே சொல்லக் கூடாத விடயம்" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மை. அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்கும் வீட்டில் உங்கள் பிள்ளை வாழப் போனால் அந்த வேலையை அவளால் செய்ய முடியாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வரும் மாதம் இரண்டு பேரும் வாருங்கள். அவள் பார்த்து வைத்திருக்கும் பாடநெறிகளின் பெயரும் கட்டணமும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வரட்டும். ஒவ்வொன்றிலும் மேற்பார்வையோடு கூடிய நேரடிப் பயிற்சி எத்தனை மணிநேரம் என்று கேட்டு அதையும் எழுதி வரச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தவற்றை அன்றைக்கே வெட்டிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்.