ஆட்டின் கண்மணி ஏன் படுக்கைக் கோடாக இருக்கிறது?

கண்மணி என்பது விழிக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு. நமக்கு அது வட்டம். ஆடு, குதிரைக்குப் படுக்கைவாட்டில் நீண்டது. மேயும் விலங்குக்கு ஆபத்து பெரும்பாலும் தரையோடு தரையாகத்தான் வரும். இந்த நீண்ட திறப்பு பக்கவாட்டு வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு, உச்சி வெயிலைக் குறைக்கிறது. நெற்றியில் கைவைத்துத் தூரத்தில் பார்க்கிறோமே, அந்த உதவிதான்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. ஆடு குனிந்து புல் கடிக்கும்போது கோடு செங்குத்தாகிவிட வேண்டுமல்லவா? ஆகாது! விழியே குழிக்குள் 50 பாகைக்கு மேல் சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கிறது. 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மேயும் ஆட்டின் அருகே உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கண்மணி கோடாக இருப்பதால் ஆட்டுக்கு உலகமும் கீற்றாகத் தெரியும் என்பது தவறு. தலைக்குப் பின்னால் சிறு பகுதி தவிர, ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும்.