ஷவரில் தண்ணீர் நூலாக வந்தால் உடனே பம்ப்பை மாற்றாதீர்கள்

கேள்வி: ஆலப்புழையில் இரண்டு அறை ஹவுஸ்போட் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. குழாயை மூடிய பிறகும் 12 வோல்ட் பம்ப் நிற்காமல் ஓடுகிறது. டேங்க் நிறைந்திருந்தால் பரவாயில்லை, பாதிக்குக் கீழே இறங்கினால் மோசம். கடைக்காரர் பெரிய பம்ப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் இறங்க இறங்க மோசமாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். தண்ணீரோடு காற்றையும் இழுக்கிற பம்ப்பால் அழுத்தம் ஏற்ற முடியாது, அழுத்தம் ஏறாமல் பம்ப்பில் உள்ள அழுத்த சுவிட்ச் அதை நிறுத்தாது. பெரிய பம்ப் போட்டால் அந்த ஓட்டை வழியாகக் காற்றை இன்னும் வேகமாக இழுக்கும், அவ்வளவுதான்.

ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு மீட்டர் புதுக் குழாயும் எடுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்ப்பில் கழற்றிவிட்டு, இந்தக் குழாயை மாட்டி நேராக வாளியிலிருந்து இழுக்கவிடுங்கள். ஷவரில் வேகம் வந்துவிட்டால் பம்ப் மேல் தப்பில்லை. தப்பு டேங்கிலிருந்து வரும் குழாயில்தான். முதலில் அதில் உள்ள வடிகட்டியைத் திறந்து பாருங்கள். சமீபத்தில் நான் திறந்த ஒன்றில், தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்கள் வலையை அடைத்திருந்தன. டேங்கில் துளை போட்டவர் தூளை அள்ளாமலே மூடியிருக்கிறார். வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ காற்று அந்த வழியாகத்தான் புகும். வளையத்தை மாற்றி, கிளிப்பை இறுக்குங்கள்.

வாளியிலிருந்து இழுத்தும் வேகம் வரவில்லையா? அப்போது வயரைச் சந்தேகப்படுங்கள். குழாய் திறந்து பம்ப் ஓடும்போது, பம்ப்பின் முனையிலேயே மல்டிமீட்டர் வையுங்கள். வயர் மெலிதாக இருந்தால் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும், பம்ப்பில் 10 தான் இருக்கும். 10 ஆம்பியர் இழுக்கிற பம்ப்புக்கு, வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை 10 மீட்டர் ஓட்டினால், போக வர 20 மீட்டரில் கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் அரை வோல்ட் சொச்சம்தான் குறையும். சர்வேக்கு வருகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டை எண்ணுகிறார்கள், தீயணைப்பானின் தேதியைப் பார்க்கிறார்கள். இந்த வயரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை தடவை சொல்லிவிட்டேன்!

பெரிய பம்ப் கூடுதலாகக் கரன்ட் இழுக்கும். ஃப்யூஸ் போகும். உடனே ஒருவர் வந்து, 10 ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றி 20 போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். மெல்லிய வயர் சூடாகும். உங்கள் படகின் கூரை மூங்கிலாலும் பாயாலும் ஆனது, மறந்துவிடாதீர்கள். பம்ப்பின் அழுத்த சுவிட்சில் உள்ள திருகைத் திருகி ‘பிரஷர் ஏற்றித் தருகிறேன்’ என்று வருகிறவரையும் படகில் ஏற்றாதீர்கள். 45 பிஎஸ்ஐக்கு அமைத்து வந்த சுவிட்சை அதற்கு மேல் ஏற்றினால் குழாய் மூட்டுகள் கழலக்கூடும்.

கடைக்காரர் சொல்வது சரியாகிற இடம் ஒன்று இருக்கிறது. படகில் நான்கு அறை, காலை ஏழு மணிக்கு நான்கு ஷவரும் ஒன்றாகத் திறக்கின்றன என்று வையுங்கள். ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் என்றாலும் 20 லிட்டருக்கு மேல் வேண்டும். 11 லிட்டர் பம்ப் என்ன செய்யும்? அங்கே பெரிய பம்ப் நியாயம். அப்போதும் அரை இஞ்ச் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் பம்ப்பை மட்டும் மாற்றினால் பயன் பாதிதான். பிரதானக் குழாயை முக்கால் இஞ்ச் ஆக்க வேண்டும், வயரையும் தடிப்பாக்க வேண்டும். இரண்டு அறைக்கு இதெல்லாம் தேவையில்லை.

அப்புறம், ஷவர் தலையைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போடுங்கள். அடுத்த விருந்தாளிகள் ஏறுவதற்கு முன்னால் வாளிச் சோதனையை முடித்துவிட்டு, மீட்டர் காட்டிய எண்ணை எழுதி அனுப்புங்கள்.