கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

வாசகர் கேள்விகளுக்கு, வேலூர் தோட்டப்பாளையத்தில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநரின் பதில்கள்

கேள்வி: என் மகள் பெல்ஃபாஸ்ட் நகரில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே இப்போது வரும் மருந்துப் பெட்டிகளில் 'யூகே ஒன்லி' என்று அச்சடித்திருக்கிறதாம். மட்டமான சரக்கைப் பிரித்து எங்கள் தலையில் கட்டுகிறார்களா என்று அவளுடைய வார்டில் ஒரு பாட்டி கேட்டாராம். அப்படியும் இருக்குமா? இன்னொரு சந்தேகம்: என் மகள் மருந்துக்குக் காசு கொடுப்பதில்லை. மான்செஸ்டரில் இருக்கும் அவள் தோழி கொடுக்கிறாள். இரண்டும் ஒரே நாடுதானே?
— ஒரு தாய், குடியாத்தம்

தரத்துக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையம்மா. லண்டன் கடைக்குப் போகும் பெட்டியிலும் அதே எழுத்துதான் இருக்கும். பாட்டியிடம் தைரியமாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அந்த எழுத்து வந்த கதை கொஞ்சம் நீளம். உங்கள் மகள் இருப்பது வட அயர்லாந்து. அது பிரிட்டனைச் சேர்ந்தது. அதே தீவில் தெற்கே இருக்கும் அயர்லாந்து தனி நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. சித்தூர் போகும் வழியில் நம் கிறிஸ்டியான்பேட்டையில் இருப்பது போன்ற ஒரு சோதனைச் சாவடிகூட அங்கே கிடையாது. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எல்லையைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது இதுதான் பெரிய தலைவலியானது. சாவடி போட முடியாது. சரக்கு கலந்துவிடவும் கூடாது. சரி, வட அயர்லாந்து மட்டும் சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளையே பின்பற்றட்டும் என்று முடிவு செய்தார்கள். 2021 தொடக்கத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

மருந்துக் கம்பெனிகளுக்கு அதனால் என்ன ஆனது என்று பாருங்கள். மாத்திரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் பெல்ஃபாஸ்ட் போகிறது. பணம் கொடுப்பது பிரிட்டன் அரசு, சாப்பிடுவது பிரிட்டன் குடிமகன். ஆனால் ஐரோப்பிய விதிப்படி அது வெளிநாட்டு இறக்குமதி. அதற்குத் தனி லைசென்ஸ், தனியாக ஒரு பேட்ச் பரிசோதனை, பெட்டியிலும் வேறு ஏற்பாடு. வட அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சம். அவ்வளவு சின்னச் சந்தைக்காக யார் மெனக்கெடுவார்கள்? சளிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மலிவான ஜெனரிக் மாத்திரையில் லாபம் பைசாக் கணக்கில்தான். கம்பெனிகள் பல, இனி வட அயர்லாந்துக்கு இந்த மருந்தை அனுப்பப் போவதில்லை என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்தன. மருந்துக்கு யாரும் தடை போடவில்லை. கணக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததும் இதுதான். தடை செய்யப்பட்டு மறைந்த மருந்துகளைவிட, கட்டுப்படியாகாமல் மறைந்தவையே அதிகம்.

2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தைத் தளர்த்தியது. 2023 பிப்ரவரியில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் இங்கிலாந்தின் வின்ட்சரில் ஓர் உடன்பாடு அறிவித்தார்கள். அதன்படி 2025 ஜனவரி 1 முதல், மனிதர்களுக்கான மருந்துகளைப் பொறுத்தவரை பிரிட்டன் முழுவதற்கும் லைசென்ஸ் கொடுப்பது எம்.எச்.ஆர்.ஏ. என்ற அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புதான். லண்டனுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் ஒரே பெட்டி. அந்தப் பெட்டி தெற்கே டப்ளின் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக 'யூகே ஒன்லி'. முதல் சில மாதங்கள் ஒட்டுத்தாளாகவும் ஒட்டினார்கள். ஆக, சாவடியைப் பெட்டி மேலேயே அச்சடித்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு துணுக்கு: மாட்டு மருந்துக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதற்கு 2025 டிசம்பர் 31 வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மனிதனுக்கு ஒரு சட்டம், மாட்டுக்கு வேறு சட்டம்!

காசு விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் ஓர் அரசாங்க மருத்துவ சேவை இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நான்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அரசும் சுகாதாரத் துறையும் உண்டு. வேல்ஸ் 2007இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்தது. வட அயர்லாந்து 2010இல், ஸ்காட்லாந்து 2011இல். இங்கிலாந்து மட்டும் வாங்குகிறது. 2024 மே மாதம் முதல் சீட்டில் எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. குழந்தைகள், 60 வயது தாண்டியவர்கள் என்று நிறையப் பேருக்கு விலக்கு உண்டு. மான்செஸ்டர் தோழி இளவயது, சம்பாதிப்பவர், அதனால் கொடுக்கிறார். விலை உயர்ந்த புதிய மருந்துகளை அரசு செலவில் கொடுக்கலாமா என்று முடிவு செய்யவும் இங்கிலாந்தில் ஓர் அமைப்பு, ஸ்காட்லாந்தில் வேறு அமைப்பு. லைசென்ஸ் ஒன்றே ஆனாலும், ஒரு புற்றுநோய் மருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு தேதியிலும் இங்கிலாந்தின் லிவர்பூலில் வேறொரு தேதியிலும் நோயாளி கைக்கு வரலாம்.

கேள்வி: சித்தூர் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்பாடியில் கொடுத்தால் மருந்து தருவார்களா? ஒரு கடையில் 'ஆந்திரா சீட்டு செல்லாது' என்றார்கள்.
— வாசகர், காட்பாடி

செல்லும். பதிவு பெற்ற டாக்டர், கையெழுத்து, தேதி, உங்கள் பெயர், முகவரி, மருந்தின் அளவு இவை இருந்தால் போதும். இன்னொரு தடவை சொன்னால், எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். 1911இல் பிரிக்கும்வரை சித்தூரும் நம் வட ஆற்காடு ஜில்லாதான் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரருக்கு வேறு பயம் இருந்திருக்கலாம். தூக்க மாத்திரை, வலி மாத்திரை வாங்கப் பழைய சீட்டையே திரும்பத் திரும்பக் காட்டுகிறவர்கள் எங்கள் தொழிலில் தினசரித் தொல்லை. அந்த மாதிரி மருந்தானால் புதுச் சீட்டு கொண்டு போவது நல்லது.

கேள்வி: சி.எம்.சி.க்கு எதிரே லாட்ஜ் வைத்திருக்கிறேன். ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது மூன்று மாத மருந்தை மூட்டை கட்டுகிறார்கள். 'எங்கள் ஊரில் கிடைக்காது' என்கிறார்கள். இந்தியா முழுக்க ஒரே மருந்துதானே விற்கிறது?
— லாட்ஜ்காரர், வேலூர்

மருந்து ஒன்றுதான் ஐயா, பிராண்ட் வேறு. ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கித் தயாரித்தால் நாடு முழுக்க விற்கலாம். ஆனால் விற்கலாம் என்பதாலேயே சரக்கு போய்ச் சேர்ந்துவிடாது. அந்த ஊரில் கம்பெனிக்கு ஸ்டாக்கிஸ்ட் இருக்க வேண்டும், ரெப் போக வேண்டும், அங்கே ஒரு டாக்டராவது அந்தப் பிராண்டை எழுத வேண்டும். காந்தி ரோட்டில் கடைக்குக் கடை கிடைக்கும் பிராண்ட், ஜார்க்கண்டின் தும்காவில் கடைக்காரர் கேள்விப்படாததாக இருக்கும்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. சீட்டில் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால், ஷெட்யூல் எச் மருந்துகளில் (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்கக்கூடியவை), அதே உப்பு, அதாவது அதே மூல மருந்து கொண்ட வேறு பிராண்டைக்கூடக் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் மாற்றுகிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் விதிக்குப் பயப்படும் நல்ல கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ஊர்விட்டு ஊர் வந்த நோயாளிக்கு இந்த விதி நல்லது செய்யவில்லை என்பது என் கருத்து.

அவர்கள் கிளம்புவதற்கு முன் நீங்கள் சொல்லக்கூடியது இதுதான்: டாக்டரிடம் மருந்தின் பொதுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரஷருக்கு அம்லோடிபின் என்றால் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் உங்கள் எதிர் வளாகத்தில்தான் நடந்தது, அந்த நோயாளிகள் உங்களிடமும் தங்குவார்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாதிரி மருந்தில் பிராண்ட் மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் மாற்றவே கூடாது. அவர்கள் மூட்டை கட்டுவது நியாயம்தான்.

இன்சுலின் வாங்கிப் போகிறவர்களுக்கு உங்கள் ஃப்ரிட்ஜில் இடம் கொடுங்கள், ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

கேள்வி: நம் மாநிலத்தில் செய்த இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. இங்கே தயாரித்ததை இங்கே யாரும் பார்க்கவில்லையா? பொறுப்பு யாருக்கு?
— வாசகர், ஆற்காடு

2025 செப்டம்பரில் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் முதல் தேதி அங்கிருந்து நம் அரசுக்குத் தகவல் வந்தது. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறை நேரம். அப்படியும் நம் ஆட்கள் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்து, மிக விரைவாக முடிவும் சொன்னார்கள்: சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்த ஆலை இருந்தது சுங்குவார்சத்திரத்தில். உங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் அந்த வழியாகத்தான் போவீர்கள்.

அவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்க முடிந்ததை முன்கூட்டியே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். மூத்த மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், லைசென்ஸையும் ரத்து செய்தார்கள். எல்லாம் பிறகு.

அரசியல் சாசனத்தில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருந்தும் விஷமும் பொதுப் பட்டியலில், ஒரே வரியில். புது மருந்துக்கு அனுமதி, இறக்குமதி, தடுப்பூசி போன்றவை டெல்லி பார்க்கும். சாதாரண சிரப், மாத்திரை செய்யும் ஆலைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் போய்ப் பார்ப்பதும் மாநிலம். வட அயர்லாந்துக்காரர்கள் பட்ட பாட்டுக்கு இது நேர் எதிர். அங்கே பிரிட்டன் லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் கடல் தாண்டிப் போக முடியவில்லை. இங்கே ஒரு மாநிலத்துக் கையெழுத்துக்கு இருபத்தெட்டு மாநிலமும் கதவைத் திறக்கிறது. இங்கே ஓர் ஆய்வாளர் அசந்தால் சாவு எங்கேயோ விழுகிறது, அங்கே கோபப்படுகிறவர்களுக்கு இவரை ஒன்றும் செய்ய முடியாது. 2020இல் ஜம்முவில் குழந்தைகள் இறந்ததும் இதே விஷத்தால்தான், அந்த சிரப் செய்யப்பட்டது இமாச்சலில். 1972இல் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரே விஷம், ஒரே காரணம்: கரைப்பானாகச் சேர்க்கும் திரவத்தின் ஒவ்வொரு டிரம்மையும் சோதித்துவிட்டு ஊற்ற வேண்டும், அதைச் செய்வதில்லை. அந்தச் சோதனையில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

மாநிலத்தைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் டெல்லியிடம் கொடுத்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சுங்குவார்சத்திரத்துக்கு விடுமுறை நாளில் ஆள் அனுப்பியது டெல்லி அல்ல. ஆனால் ஒரு மாநிலம் போய்ப் பார்த்த ஆய்வறிக்கையை மற்ற மாநிலங்களும் படிக்கும்படி வைக்க வேண்டும். கடைசி ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது என்றாவது தெரிந்தால், வாங்குகிறவன் யோசிப்பான்.

உங்களால் ஆனது: நாலு வயதுக்குக் கீழ் குழந்தைக்குக் கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள். நானே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று இருக்கிறது. வீரியம் குறைவு என்று என் சம்பந்தி சொல்கிறார்.
— வாசகி, கணியம்பாடி

சம்பந்தியை நான் எதிர்க்க முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் மட்டும் சொல்கிறேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குவது ஆளுக்கொரு வழி. கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. கிடங்குக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் இருக்கும் தொகைக்குள் தேவைப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. என் கடைக்கு வரும் பேட்ச் எதையும் அப்படி யாரும் பெயர் மறைத்துச் சோதித்துவிட்டு அனுப்புவதில்லை. அட்டையில் அந்த எழுத்து இருப்பது, மாத்திரை என்னைப் போன்றவர்கள் கடைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

கேள்வி: (குடியாத்தம் தாயே மீண்டும்) மகள் அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறாள். திரும்பும்போது இங்கிருந்து மாத்திரை வாங்கிக்கொடுத்து அனுப்பலாமா?

அவளுக்கென்று எழுதிய மருந்து என்றால் அசல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கோடீன், டயஸெபாம் போன்றவை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவை மூன்று மாதத் தேவைக்கோ அதற்கு மேலோ இருந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் குறைவானாலும் டாக்டர் கடிதம் கையில் இருக்க வேண்டும். தோழிகளுக்கென்று வாங்கிப் போக வேண்டாம். நர்ஸ் வேலையில் இருக்கிற பெண், பதிவு போய்விட்டால் பிழைப்பு போயிற்று. பெல்ஃபாஸ்டில்தான் மருந்து இலவசமாயிற்றே, பெட்டியில் அந்த இடத்துக்கு ஊறுகாய் பாட்டில் வையுங்கள்.