எண்ணெய் பூசிக்கொண்டு தோண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கிரேக்கர்களின் மூலிகை மருத்துவம் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். மாண்ட்ரேக் என்ற மூலிகையின் வேரை எடுக்க வாளால் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட வேண்டுமாம். மேற்கே பார்த்து வெட்ட வேண்டுமாம், ஒருவர் சுற்றி ஆடிக்கொண்டே காமப் பேச்சு பேச வேண்டுமாம். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது. மருத்துவத்தின் தந்தை என்கிற ஹிப்போகிரட்டீஸைத் தவிர மற்றதெல்லாம் மூடநம்பிக்கைதானே? ஆஸ்பிரின்கூட அவர் தந்ததுதான் என்கிறார்கள். கிரேக்கர்கள் இதையெல்லாம் நம்மிடம் கற்றார்கள் என்பது உண்மையா? எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

ஒரு வாரமாக பழைய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸின் தாவர நூலில் ஒன்பதாம் பகுதியைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வகுப்பில் சொன்ன அந்த மூன்று வட்டம் அங்கேதான் வருகிறது. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். ஆஸ்பிரின் 1897ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. ஆஸ்பிரினுக்கு முன்னோடியான வில்லோ மரப்பட்டையைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து முறையாக எழுதிவைத்தவர் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், அது 1763ல். எல்லாப் புகழையும் ஒரே பெரியவரின் தலையில் கட்டும் பழக்கத்தை மருந்தியல் மாணவராவது விட வேண்டும். நம்மிடம் கற்றார்களா என்றால், மிளகும் திப்பிலியும் இங்கிருந்து போயின, 'பிப்பலி' என்ற பெயரும் கூடவே போய்க் கிரேக்கத்தில் 'பெப்பெரி' ஆனது. தியோஃப்ராஸ்டஸ் உருண்டை மிளகு, நீண்ட மிளகு என்று இரண்டையும் குறிப்பிடுகிறார். சரக்கு போனதை வைத்து சாஸ்திரமும் போனது என்று வாதாட எனக்கு ஆசையில்லை, விடுங்கள்.

வகுப்பே சிரித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் படித்துக் காட்டியது அந்தப் பகுதியின் கடைசித் துண்டு மட்டும். அதற்கு முன்னால் இருப்பதைப் படித்தீர்களா? படித்திருந்தால் அந்தச் சிரிப்பை வகுப்பிலேயே நிறுத்தியிருப்பீர்கள்.

தியோஃப்ராஸ்டஸ் லெஸ்போஸ் தீவில் எரெசோஸ் என்ற ஊர்க்காரர். அரிஸ்டாட்டிலின் மாணவர், அவருக்குப் பிறகு ஏதென்ஸில் அவருடைய பள்ளியை நடத்தியவர். அவ்வளவு பெரிய படிப்பாளி ஒன்பதாம் பகுதியில் யாருடைய பேச்சைக் கேட்டு எழுதுகிறார் தெரியுமா? மலையில் வேர் வெட்டிப் பிழைத்தவர்களின் பேச்சை. ரிசோடோமோய் என்று அவர்களுக்குப் பெயர், வேர்வெட்டிகள் என்றே சொல்லலாம். அப்புறம் சந்தையில் மருந்து விற்றவர்கள். கியோஸ் தீவின் யூடெமஸ் சந்தையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் ஒரே நாளில் 22 முறை ஹெல்லெபோர் என்ற நச்சு மூலிகையைக் குடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்து வழக்கம்போலச் சாப்பிட்டதை அவர் எழுதுகிறார். ஒன்றிரண்டு வேரைத் தின்று காட்டிப் பேர் வாங்கிய ஒரு மருந்து வியாபாரியின் முன்னால் ஒரு ஆட்டிடையன் வந்து கைநிறைய அள்ளித் தின்று அந்தப் பேரைக் கெடுத்த கதையும் இருக்கிறது. பழகப் பழக மருந்தின் வேகம் குறைகிறது என்ற விஷயத்தை அவர் இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் எடுக்கிறார்.

இந்த வேர்வெட்டிகள் சொன்ன விதிகளை அவர் மொத்தமாக நம்பவும் இல்லை, மொத்தமாகத் தள்ளவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். தாப்சியா என்ற செடியின் வேரைத் தோண்டுகிறவன் உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும், காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு வீங்கும் என்கிறார்கள். ஹெல்லெபோர் தோண்டினால் தலை கனக்கும், அதனால் முன்னதாகப் பூண்டு தின்று தண்ணீர் கலக்காத ஒயின் குடிக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றில் அர்த்தம் இருக்கலாம், இந்தச் செடிகளின் வேகம் நெருப்பு மாதிரிப் பற்றிக்கொள்வது என்கிறார் அவர். பியோனி என்ற பூச்செடியை ராத்திரியில்தான் எடுக்க வேண்டும், பழம் பறிக்கும்போது மரங்கொத்தி பார்த்துவிட்டால் கண் போகும் என்பதைச் சேர்த்துக்கட்டிய பேச்சு என்று ஒதுக்குகிறார். கருப்பு ஹெல்லெபோர் வெட்டும்போது கழுகு பக்கத்தில் வந்தால் வெட்டியவன் அந்த வருஷத்துக்குள் சாவான் என்பதும், நீங்கள் சொன்ன மூன்று வட்டமும் அதே வகையில் போகின்றன. ஆனால் வேரை வெட்டும்போது கும்பிடுவதில் தவறொன்றும் இல்லை என்று அதையும் சொல்லிவைக்கிறார். அந்த ஒரு வரிக்காக எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

இந்த எண்ணெய் விஷயத்தை நான் விடுவதாக இல்லை. எனக்கு அதில் சொந்தக் கணக்கு இருக்கிறது.

பண்ருட்டிப் பக்கம் பெரியம்மா வீட்டில் முந்திரி உண்டு. பச்சைக் கொட்டையை அரிந்து பருப்பெடுத்துக் குழம்பு வைப்பார்கள். அரிவாள்மணை முன்னால் உட்காரும் முன்பு பெரியம்மா இரண்டு கைக்கும் முழங்கை வரை விளக்கெண்ணெய் பூசிக்கொள்வார். வெள்ளிக்கிழமை அரியக்கூடாது, அரியும்போது யாரையும் திட்டக்கூடாது என்றும் சொல்வார். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய திமிர் வேறு. வெள்ளிக்கிழமைப் பேச்சு பொய் என்றால் எண்ணெயும் பொய்தான் என்று முடிவுசெய்து, வெறுங்கையோடு ஒரு கூடைக் கொட்டையை அரிந்தேன். மறுநாள் இரண்டு கையும் கொப்புளம். பத்து நாள் பெரியம்மாதான் சோறு ஊட்டினார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தோல் உரிந்து ஆறிய பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

தியோஃப்ராஸ்டஸைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது தாப்சியா வரியில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு விதிகளில் ஒன்று கையைக் காப்பாற்றும், இன்னொன்று காப்பாற்றாது. பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாதது கிறிஸ்துவுக்கு முன்னூறு வருஷம் முன்பு அவருக்குத் தெரிந்திருந்தது. தாப்சியாவின் பிசினிலிருந்து எடுக்கும் தாப்சிகார்ஜின் என்ற பொருள் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிப்பறையில் ஏற்றும் பம்பையே அடைத்துவிடுகிறது, இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்தியல் படிக்கும் நீங்கள் அதை எடுக்கும்போது கையுறை போடுவீர்கள். அந்த வேர்வெட்டிக்குக் கையுறை இல்லை, எண்ணெய்தான் இருந்தது. அவனைப் பார்த்தா உங்கள் வகுப்பு சிரித்தது?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கள் வயதில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தியோஃப்ராஸ்டஸின் ஒன்பதாம் பகுதி, அதில் எட்டாம் அத்தியாயம். பிறகு டியோஸ்கோரிடீஸ், கி.பி. முதல் நூற்றாண்டில் ஐந்து புத்தகம் எழுதிய அனாசார்பஸ் ஊர் மருத்துவர். அவருடைய முன்னுரையை மட்டுமாவது படியுங்கள். ஒரு செடியை முளையிலும், நன்றாக வளர்ந்த நிலையிலும், வாடும் காலத்திலும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், முளையை மட்டும் பார்த்தவனுக்கு வளர்ந்த செடியை அடையாளம் தெரியாது என்கிறார். அடுத்த முறை வகுப்பில் பேசும்போது மூன்று வட்டத்தோடு எண்ணெயையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.