குழந்தை கோபத்தில் இருந்தது என்று எழுதாதீர்கள்

மனித வளர்ச்சி, குடும்பவியல் பட்டப்படிப்பு பற்றி வந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உளவியல் படித்தால் போதாதா? இதற்கென்று தனிப் படிப்பு எதற்கு?

ஒரு சிறுவன் வகுப்பில் தினமும் தூங்கி விழுகிறான் என்று வையுங்கள். உளவியல் மாணவர் பெரும்பாலும் அவனிடமிருந்து தொடங்குவார்: கவனம் எப்படி, மனநிலை எப்படி. நம் மாணவர் வீட்டிலிருந்து தொடங்குவார். அங்கே யார் யார் இருக்கிறார்கள், அம்மாவுக்கு இரவுப் பணியா, தம்பியைத் தூங்கவைப்பது யார்? அம்மாவின் ஷிப்ட் அட்டவணையை அந்தச் சிறுவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உளவியலாளர் யூரி ப்ரான்ஃபென்பிரென்னர் 1979-இல் வெளியிட்ட நூலில் விவரித்த, குழந்தையைச் சுற்றியுள்ள சூழல் அடுக்குகள் இவைதான். முதலாண்டில் வட்டத்துக்குள் வட்டமாக அதை வரைந்து வரைந்து சலித்துப்போகும். உளவியலோடு நமக்குச் சண்டை இல்லை. பாடத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

“மனையியலுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள்” என்று மாமா கேலி செய்கிறார்.

வேர் அங்கேதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனையியலை ஒரு துறையாக நிறுத்திய எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். 1873-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் பெண். மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கூர்நோக்குப் பயிற்சியில் என் பதிவேட்டை மூன்று முறை திருப்பித் தந்துவிட்டார்கள். நடந்ததைத்தானே எழுதினேன்?

குழந்தைகளை உற்றுக் கவனித்து, கண்டதை மட்டும் பதிவதுதான் அந்தப் பயிற்சி. நீங்கள் அனுப்பிய வரி: “குழந்தை கோபத்தில் கட்டைகளைத் தள்ளிவிட்டது.” இதில் நீங்கள் கண்டது தள்ளியதை மட்டும். கோபம் நீங்களாகச் சேர்த்தது.

என் முதல் பதிவேடும் பக்கம் முழுக்கச் சிவப்பு மையோடுதான் திரும்பி வந்தது. அப்புறம் வேறொரு நாள் இப்படி எழுதினேன்: “நான்காவது கட்டையை வைக்கும்போது அடுக்கு சாய்ந்தது. சிறிது நேரம் அதையே பார்த்தாள். இடது கையால் மீதியைத் தட்டிவிட்டாள். ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.” கோபம் என்று அவசரப்பட்டு எழுதியிருந்தால் அந்தச் சிரிப்பு வரும்போது நான் தாளைப் பார்த்துக் குனிந்திருப்பேன்.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. நேரத்தைக் குறியுங்கள். “அடிக்கடி”, “எப்போதும்” வேண்டாம். எத்தனை தடவை என்று எண்ணி எழுதுங்கள். வலப்பக்கம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை, இடப்பக்கத்தில் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பிணைப்புக் கோட்பாடு படித்ததிலிருந்து அம்மாமீது கோபம் கோபமாக வருகிறது.

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள ஆரம்பகால நெருக்கம் பின்னாளைப் பாதிக்கும் என்கிற இந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் இப்படித்தான் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பிணைப்பை அளக்க உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த் செய்த புகழ்பெற்ற சோதனையை நினைத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு வயதை ஒட்டிய குழந்தை, தாய், அறிமுகமில்லாத ஒருவர், சுமார் 20 நிமிடம். தாய் வெளியே போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். இருபது வயதுக்காரர் நினைவிலிருந்து தன் தாய்க்கு மதிப்பெண் போடுவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. ஜப்பானில் இதைச் செய்தபோது, தாயைப் பிரிந்து பழகாத குழந்தைகள் பலர் அழுது தீர்த்துவிட்டார்கள். அதைப் பாதுகாப்பற்ற பிணைப்பு என்று சொல்லலாமா என்று பெரிய விவாதமே எழுந்தது.

இன்னொன்றும் படியுங்கள். எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல இடர்களோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அப்படி வந்த பலருக்கும் தாத்தா பாட்டியோ ஆசிரியரோ, அக்கறையுள்ள யாரோ ஒரு பெரியவர் துணையிருந்தார்.

சரி, உங்கள் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆறாத காயம் என்றால் ஆலோசகரிடம் பேசுங்கள். செமினார் கட்டுரையில் மட்டும் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

புள்ளியியலிலிருந்து தப்பிக்க வழி உண்டா?

இல்லை. இன்னொன்று கிடைக்கும் என்று மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று எல்லாரும் மேடையில் சொல்கிறார்களே, 2018-இல் வாட்ஸ், டங்கன், க்வான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இன்னும் அதிகக் குழந்தைகளின் தரவில் அதைச் சரிபார்த்தார்கள். தொடர்பு பாதியளவுக்கே தெரிந்தது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கிவிட்டது. அந்தக் “கணக்கில் சேர்ப்பது” எப்படி என்றுதான் புள்ளியியல் தாளில் கற்றுத்தருகிறார்கள்.

பட்டம் வாங்கியதும் குடும்ப ஆலோசகர் ஆகலாமா?

பொதுவாக முடியாது. முதுகலையும், மேற்பார்வையில் செய்யும் பயிற்சியும் கேட்பார்கள். இளங்கலையோடு போகக்கூடிய இடங்கள்: மழலையர் கல்வி, பெற்றோர் பயிற்சி, சமூகநலப் பணி, முதியோர் சேவை. இந்தக் கடைசி இடத்தை மாணவர்கள் திரும்பியே பார்ப்பதில்லை. பாடம் கருவில் தொடங்கி மரணம் வரை போகிறது என்பதைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு 40 வயது, இரண்டு பிள்ளைகள். வளர்த்த அனுபவம் கைகொடுக்குமா?

பாதி கைகொடுக்கும், பாதி காலை வாரிவிடும். பேராசிரியர் எதைச் சொன்னாலும் “என் பையன் அப்படி இல்லையே” என்று தோன்றும். அது போகப்போகச் சரியாகிவிடும். கூர்நோக்குப் பயிற்சிக்கு மட்டும் சொந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். இடப்பக்கத்தில் நாலு வரி தேறாது, வலப்பக்கம் நிரம்பி வழியும்.