கடைசி ஏழு மைல்

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். உங்கள் எழுத்தைப் பள்ளி நாளிலிருந்து வாசிக்கிறேன். இப்போது ஆஸ்திரேலியாவில் பாத்தர்ஸ்ட் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். பெர்த்தில் கிளம்பி, கண்டத்தின் குறுக்கே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடக்கத் திட்டம். இன்னும் 200தான் பாக்கி. நீலமலையைத் தாண்டினால் சிட்னி. எங்கள் தோட்டத்து நண்பன் ஒருவனும் என்னோடு கிளம்பினான். அவனுக்கு மன உறுதி போதவில்லை, வழியில் செடூனா என்ற ஊரில் நின்றுவிட்டான். எனக்குப் பாதத்தில் வலி. அதைவிட, முடியப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து மனசு வெறிச்சென்று கிடக்கிறது. சந்தோஷமே வரவில்லை. இந்தக் கடைசிக் கட்டத்தை எப்படி நடப்பது?

க.

தம்பி,

காலையில் பசியாறும்போது உன் கடிதத்தைப் படித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எங்கள் பழைய தோட்டத்துப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். ஒரு வாரமாக எனக்கு அந்தப் பாலத்தின் நினைப்புதான், தாத்தாவின் நினைப்புதான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பாத வலிக்கு டாக்டரைப் பார். இரண்டு நாள் தாமதமானால் சிட்னி எங்கேயும் ஓடிவிடாது. மலை ஏறுவதைவிட பென்ரித் பக்கம் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், மெதுவாக இறங்கு. மனசு வெறிச்சென்று இருப்பதும் பெரிய விஷயமில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரிக்கும்போது வீட்டில் எல்லாருக்கும் வருவதுதான் அது.

என்னை உறுத்தியது வேறொரு வரி. ‘அவனுக்கு மன உறுதி போதவில்லை.’ நார்ஸ்மனிலிருந்து செடூனா வரைக்கும் 1,200 கிலோமீட்டர். மரமே இல்லாததால் நல்லர்பார் என்று பெயர் வாங்கிய சமவெளி. 146 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. அதையெல்லாம் உன்னோடு நடந்து முடித்தவன் அவன். அவனுக்கு என்ன ஆயிற்று? காலா, காய்ச்சலா, வீட்டில் ஏதாவது கஷ்டமா? உன் வலியைச் சொல்ல உனக்கு இடம் இருந்தது. அவனுக்கு ஒரு வரி, அதிலும் ஒரு தீர்ப்பு. உனக்கு யார் கொடுத்தார்கள் இந்த உரிமையை?

நீ நடக்கிற அதே நாட்டில் 1860இல் பர்க் என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் மெல்பர்னிலிருந்து வடக்கே கிளம்பியது. கூப்பர் ஓடையில் ஒரு பகுதி ஆட்களை நிறுத்திவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே என்று நாலு பேர் மேலே போனார்கள். வடகரையை நெருங்கியதும் கிங்கையும் கிரேயையும் ஒட்டகங்களோடு விட்டுவிட்டு மற்ற இருவர் மட்டும் முன்னால் போனார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது. ஆனால் சதுப்பும் அலையாத்திக் காடும் மறித்ததால், கடலைக் கண்ணால் பார்க்காமலே திரும்பினார்கள். திரும்பும் வழியில் கிரேக்கு உடம்பு சரியில்லை. மாவைத் திருடித் தின்றான் என்று பர்க் அவனை அடித்தார். நோயென்று நடிக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். 1861 ஏப்ரல் 17 அன்று அவன் செத்தே போனான். அவனைப் புதைக்க மற்ற மூவருக்கும் ஒரு நாள் ஆனது. அந்த அளவுக்கு அவர்கள் உடம்பிலும் தெம்பில்லை. ஏப்ரல் 21 சாயங்காலம் கூப்பர் ஓடைக்கு வந்து பார்த்தால், நாலு மாதம் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருக்கிறார்கள். பர்க்கும் வில்ஸும் அந்த ஓடைப் பக்கமே இறந்தார்கள். அங்கிருந்த பழங்குடி மக்கள் சோறு போட்டுக் காப்பாற்றியதால் கிங் மட்டும் பிழைத்தான்.

புதைத்த அந்த ஒரு நாளை வீண் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் பார்க்க மாட்டேன். அந்த மொத்தப் பயணத்திலும் அவர்கள் மனுஷனாக இருந்த நாள் அது. என் மனசு ஆறாதது அதற்கு முந்தைய நாட்களுக்காக. சாகக் கிடந்தவனை, கூடவே நடந்தவர்கள், நடிக்கிறான் என்று நினைத்த நாட்கள்.

என் தாத்தாவும் அதைச் செய்தவர்தான் தம்பி. ஜப்பான்காரர் காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட, எங்கள் லயத்திலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, பிடித்துக்கொண்டு போன ஆட்களில் அவரும் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை அது. சயாமில் பான்போங் என்ற ஊரில் இறக்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடத்திக் கூட்டிப்போனார்களாம். பக்கத்து வீட்டுக் கூட்டாளியும் கூடவே போனார். 1943 மழையில் ஒரு நாள் அந்தக் கூட்டாளி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். “நடிக்காதடா, எழுந்திரு, உன்னால எனக்கும் அடி விழும்” என்று தாத்தா கத்தியிருக்கிறார். அவர் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பாதையோரத்துக் காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு 6,982 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் கூட்டாளிக்குப் பேர் போட்ட ஒரு கல் எங்கேயும் கிடையாது.

1946இல் தாத்தா சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினார். தோட்டத்துக்கு ஏழு மைல். அவ்வளவு தூரம் போய் உயிரோடு வந்தவர், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்திருக்கலாம். பாலம் வரைக்கும் நடந்தார். அதற்கு மேல் அவரால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் லயம், லயத்தில் கூட்டாளியின் மனைவி. விடிய விடியப் பாலத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்பிய கூட்டத்தில் அந்த அம்மா வாளியோடு வந்தார்கள். தாத்தா ஒன்றையும் மறைக்கவில்லை. நடிக்காதடா என்று திட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டார்கள்.

மூன்று வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்புறம் வந்தார்கள். நான் பிறந்தபோது என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது அவர்கள்தான். “உங்க தாத்தா சொல்லாம இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப் போகுது” என்று வயதான காலத்தில் என்னிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் என் கையை விடவே இல்லை.

உன் நண்பன் உயிரோடு இருக்கிறான். கையில் போன் இருக்கிறது. மலை ஏறுவதற்கு முன்னால், இன்றைக்கே, அவனைக் கூப்பிடு. செடூனாவில் என்ன நடந்தது என்று கேள், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. அவனைப் பற்றி எனக்கு என்ன எழுதினாய் என்பதையும் அவனிடம் சொல். சிட்னிக்கு வா என்று கட்டாயப்படுத்தாதே, அது அவன் இஷ்டம்.

போனை எடுத்தானா என்று எழுது. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அக்கா